வாசகர் கேள்வி, நூலகர் பதில்: மெய்நிகர் உலகில் கூடும் நூலகர்கள்

சென்ற இதழில், நூலகர்களுக்கான தொழிற்பயிற்சி பற்றிய ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதும்போது, வெவ்வேறு நாட்டு நூலகர்கள் கணினிக்குள் அமைந்த முப்பரிமாண மெய்நிகர் உலகங்களில் கூடிப் பேசுகிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். பக்கம் பக்கமாக எழுதிய மற்றப் பதில்களை விட்டுவிட்டு வாசகர்கள் அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆகவே இந்த இதழின் பதில்கள் முழுவதும் அதைப் பற்றியே. ஒரே செய்தியைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: மெய்நிகர் உலகம் என்று நீங்கள் குறிப்பிட்டது காணொளிக் கூட்டத்தைத்தானா? இல்லையென்றால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? படங்களைப் பார்த்தால் சிறுவர் விளையாட்டுப் போல இருக்கிறதே?
(கல்லூரி நூலகர் ஒருவர்)

பதில்: காணொளிக் கூட்டம் அல்ல. காணொளிக் கூட்டத்தில் இருப்பவை முகங்கள் மட்டுமே. இடம் என்று ஒன்று கிடையாது. மெய்நிகர் உலகத்தில் தரை, சுவர், மரம், நாற்காலி எல்லாம் கொண்ட ஓர் இடம் இருக்கிறது. நீங்கள் கணினியை அணைத்துவிட்டுப் போன பிறகும் அந்த இடம் அப்படியே இருக்கும், வேறொருவர் அங்கே வந்து உட்கார்ந்திருப்பார். அந்த இடத்துக்குள் உங்கள் சார்பில் நடமாடும் உருவத்துக்கு அவதார் என்று பெயர். (அவதாரம் என்ற நம் சொல்தான் கணினிக்குள் போய்க் கடைசி எழுத்துகளைத் தொலைத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது.)

இவற்றுள் நூலகர்கள் மிகுதியும் பயன்படுத்தியது, அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூன் மாதம் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட செகண்ட் லைஃப். அதில் கொல்வதற்கு எதிரியோ சேர்ப்பதற்குப் புள்ளியோ கிடையாது; ஆகவே அதை விளையாட்டு என்று சொல்வது பொருந்தாது. 256 மீட்டருக்கு 256 மீட்டர் என்ற அளவில் நிலத்துண்டுகள் வாடகைக்குக் கிடைக்கும். தனியாகக் கடலில் மிதக்கும் துண்டைத் தீவு என்பார்கள். அதன்மேல் எதைக் கட்டுவது என்பது வாடகைக்கு எடுத்தவர் விருப்பம். நூலகம் கட்டியவர்கள் உண்டு, கோட்டை கட்டியவர்கள் உண்டு, வெறும் புல்வெளியை விட்டுவைத்து நடுவில் வட்டமாக நாற்காலி போட்டவர்களும் உண்டு. கூட்டம் நடத்துவதற்கு அந்தப் புல்வெளியே போதும் என்பது என் கட்சி.

வேறுபாட்டைப் புரிந்துகொள்ளத் தூரம் என்ற ஒன்றைக் கவனித்தால் போதும். செகண்ட் லைஃபில் நீங்கள் தட்டச்சு செய்யும் சொற்கள் உங்களைச் சுற்றி 20 மீட்டருக்குள் நிற்பவர்களுக்கு மட்டுமே தெரியும். உரக்கக் கூவுவதற்கான வழியைத் தேர்ந்தால் 100 மீட்டர் வரை போகும். கிசுகிசுத்தால் 10 மீட்டரோடு நின்றுவிடும். குரலில் பேசினாலும் விலகிச் செல்லச் செல்ல ஒலி தேயும், இடப்பக்கம் நிற்பவரின் குரல் இடக்காதில் கேட்கும். இதனால், கூட்டம் முடிந்தவுடன் மூன்று பேர் ஜன்னலோரம் ஒதுங்கிப் பட்டியலாக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, இன்னும் நான்கு பேர் வாசற்படியில் நின்று வேறொன்றைப் பேசிக்கொண்டிருக்க முடிகிறது. நடந்து போய் ஒரு கூட்டத்தை விட்டு இன்னொன்றில் சேர்ந்துகொள்ளலாம். மாநாடுகளுக்குப் போய்வந்த எவருக்கும் தெரியும், மேடையில் கேட்டதைவிட இடைவேளையில் வராந்தாவில் கேட்டதுதான் பின்னால் வேலைக்கு உதவியிருக்கும். காணொளிக் கூட்டத்துக்கு வராந்தா இல்லை. ‘நன்றி, வணக்கம்’ என்று ஒருவர் பொத்தானை அழுத்தியதும் அத்தனை பேரும் ஒரே நொடியில் காணாமல் போய்விடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. காணொளிக் கூட்டம் ஏன் இவ்வளவு களைப்பூட்டுகிறது என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் நான்கு காரணங்களை முன்வைத்தார்: பல முகங்கள் மிக அருகிலிருந்து உற்றுப் பார்ப்பது போன்ற நிலை, தலையசைப்பு முதலிய சைகைகளை வலிந்து செய்யவும் புரிந்துகொள்ளவும் மூளை படும் பாடு, நம் முகத்தை நாமே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது, கேமராவின் கட்டத்தை விட்டு நகர முடியாமை. அவதார் வழியாகக் கூடும்போது உற்றுப் பார்க்கும் முகமும் இல்லை, கேமராவுக்குக் கட்டுப்பட்டு உட்கார வேண்டியதும் இல்லை. அதற்காகக் களைப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். புதிதாக வருபவருக்கு நடக்கப் பழகுவதே ஒரு களைப்புதான்.

கேள்வி: நூலகர்கள் இதற்குள் நுழைந்தது எப்போது? யார் தொடங்கியது?
(பள்ளி நூலகப் பொறுப்பாளர் ஒருவர்)

பதில்: அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் அலையன்ஸ் லைப்ரரி சிஸ்டம் என்ற வட்டார நூலகக் கூட்டமைப்பு இருந்தது. பெரிய நகரத்து அமைப்பு அல்ல. சிறு ஊர் நூலகங்களைச் சேர்த்துக் கட்டிய ஒன்று. அங்கே புதுமுயற்சிகளுக்குப் பொறுப்பாக இருந்த லோரி பெல் என்பவரும், இணையவழியில் நூலக நிகழ்ச்சிகளை நடத்திவந்த ஓபல் என்ற கூட்டுமுயற்சியில் இருந்தவர்களும் 2006இல் செகண்ட் லைஃபில் ஒரு நூலகத்தைத் தொடங்கினார்கள். முதலில் சிறிய இடம். அதே ஆண்டில் இன்ஃபோ ஐலண்ட் என்ற தனித்தீவு. பல நாட்டு நூலகர்கள் சம்பளமில்லாமல் வந்து வேலை செய்தார்கள். தகவல் மேசை ஒன்றைப் போட்டு, முறை வைத்துக்கொண்டு அதன் பின்னால் உட்கார்ந்தார்கள்.

அதன் பிறகு தீவுகள் பெருகின. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் நிதியுதவியோடு உடல்நலத் தகவல்களுக்கென்று ஹெல்த்இன்ஃபோ ஐலண்ட் வந்தது. பதின்பருவத்தினருக்கெனத் தனியாக நடத்தப்பட்ட டீன் செகண்ட் லைஃபில், சார்லட் நகரப் பொதுநூலகத்தோடு சேர்ந்து ஐ4யூ அலையன்ஸ் என்ற தீவை அமைத்தார்கள். அங்கே வேலை செய்ய விரும்பும் பெரியவர்கள் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டியிருந்தது. விக்டோரியா காலத்துச் சாயலில் கட்டப்பட்ட கேலடன் என்ற பகுதியில், அந்தச் சாயலுக்கு ஏற்ப ஒரு நூலகம் எழுந்தது. அமெரிக்க நூலகச் சங்கமும் இடம் எடுத்தது. சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தின் நூலகவியல் பள்ளி தன் மாணவர்களுக்கென ஒரு தீவை வைத்திருந்தது.

இங்கே ஒரு சுவையான செய்தி. தொடக்கத்தில் எல்லோரும் நினைத்தது, வாசகர்கள் வந்து புத்தகம் தேடுவார்கள் என்று. ஆனால் முப்பரிமாண அலமாரியில் வரிசையாக நிற்கும் முப்பரிமாணப் புத்தகத்தைச் சொடுக்கினால் ஏதோ ஓர் இணையப்பக்கம் திறக்கும், அவ்வளவுதான். அதற்கு அலமாரி எதற்கு, நேராக இணையப்பக்கத்துக்கே போய்விடலாமே. வந்தவர்கள் தேடியது மனிதரை. ‘இங்கே எப்படி நடப்பது, இந்தக் கதவை எப்படித் திறப்பது, வேறு எங்கே போகலாம்’ என்று கேட்டார்கள். பதில் சொல்ல அங்கே உட்கார்ந்திருந்த நூலகர்களோ, வாசகர் வராத நேரத்தில் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கினார்கள். வாசகர் சேவைக்காகக் கட்டிய இடம் நூலகர்களின் சந்திப்பிடமாக மாறியது இப்படித்தான் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: ஒரு கூட்டம் உண்மையில் எப்படி நடக்கும்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.
(ஐந்து வாசகர்கள்)

பதில்: நான் முதன்முதலாகப் போன கூட்டத்தையே சொல்கிறேன்.

அழைப்பு ஒரு லிங்க்காக வந்தது. அதைச் சொடுக்கியதும் என் அவதார் ஒரு முற்றத்தில் போய் நின்றது. முதலில் எல்லாமே சாம்பல் நிறமாக இருந்தது. பிறகு தரைக்குக் கல்லின் நிறம் வந்தது, நாற்காலிகள் ஒவ்வொன்றாக முளைத்தன, இறுதியாக ஆட்கள். அவர்களும் முதலில் மனித உருவில் இல்லை. உடையும் தலைமுடியும் இணையம் வழியாக வந்து சேரும் வரைக்கும் ஒவ்வொருவரும் ஒரு புகைமேகமாகத்தான் தெரிவார்கள். நான்கு மேகங்கள் எனக்கு வணக்கம் சொல்லின.

நாற்காலியைச் சுட்டி ‘உட்கார்’ என்று கட்டளையிட வேண்டும். நான் அவசரத்தில் மேசையைச் சுட்டிவிட்டேன். என் அவதார் மேசையின் நட்டநடுவில், நிகழ்ச்சி நிரல் வைத்திருந்த பலகைக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் எனக்கென்று தனிச்செய்தி அனுப்பினார்: ‘முதலில் எழுந்திருங்கள், பிறகு நீல நாற்காலி. நான் முதல் நாள் நீரூற்றில் உட்கார்ந்தேன்.’ அந்த ஒரு வரியில் எனக்கு அந்தக் குழுவோடு இருந்த கூச்சம் போய்விட்டது.

கூட்டத்தலைவர் குரலில் பேசினார். உறுப்பினர்களில் பாதிப்பேர் பணிமேசையில் இருந்தபடியே கலந்துகொண்டதால் மைக்கைத் திறக்க முடியாமல் எழுத்தில் பதில் சொன்னார்கள். ஒருவர் தட்டச்சு செய்யத் தொடங்கினால் அவருடைய அவதாரின் கைகள் தானாக உயர்ந்து, கண்ணுக்குத் தெரியாத விசைப்பலகையில் தட்டுவதுபோல ஆடும். ‘ஒருவர் கை அசைகிறது, காத்திருப்போம்’ என்று தலைவர் இரண்டு முறை நிறுத்தினார். காணொளிக் கூட்டத்தில், பேச வாயெடுத்த இருவர் ஒரே நேரத்தில் மோதிக்கொண்டு, ‘நீங்கள் சொல்லுங்கள், இல்லை நீங்கள் சொல்லுங்கள்’ என்று வீணாக்கும் அந்த அரை நிமிடம் இங்கே இல்லை.

எழுத்தில் வருவதைக் கவனிப்பதற்கென்றே ஓர் உறுப்பினரை அமர்த்தியிருந்தார்கள். வரும் கேள்விகளை அவர் குரலில் படித்துக்காட்டுவார். குரலில் சொல்லப்பட்ட முடிவுகளைச் சுருக்கி எழுத்தில் இடுவார். இந்த ஒருவர் இல்லாத கூட்டம் பத்தே நிமிடத்தில் இரண்டு கூட்டங்களாகப் பிரிந்துவிடும். குரலில் ஒன்று, எழுத்தில் ஒன்று. செகண்ட் லைஃபில் குரல் வசதி வந்ததே 2007இல்தான். அதற்கு முன் எல்லாமே எழுத்து என்பதால் இந்தச் சிக்கலே எழவில்லை என்று பழைய உறுப்பினர் ஒருவர் சற்று ஏக்கத்தோடு சொன்னார்.

நடுவில் ஓர் அவதாரின் தலை முன்னால் சாய்ந்து தொங்கியது. கணினியை விட்டு அவர் விலகிவிட்டார் என்பதற்கான அடையாளம் அது. சிறிது நேரத்தில் நிமிர்ந்து, ‘வாசகர் ஒருவர் வந்தார், கவனித்துவிட்டு வந்தேன்’ என்று எழுதினார். கூட்டம் முடிந்ததும் எழுத்தில் பதிந்த அனைத்தையும் அப்படியே சேமித்து, வெட்டி ஒட்டி, அன்று மாலையே நடவடிக்கைக் குறிப்பு அனுப்பிவிட்டார்கள். நான் அறிந்த எந்த நேர்க்கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பும் அன்று மாலையே வந்ததில்லை.

கேள்வி: இதற்குத் தலையில் மாட்டும் ஹெட்செட் வாங்க வேண்டுமா?
(பொதுநூலக ஊழியர் ஒருவர்)

பதில்: வேண்டாம். செகண்ட் லைஃப், அதைப் போன்றே இருக்கும் ஓபன்சிமுலேட்டர் (அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) இரண்டுமே சாதாரணத் திரையில் இயங்குபவை. ஆனால் கணினியில் ஓரளவு நல்ல கிராபிக்ஸ் வசதி வேண்டும். பழைய அலுவலகக் கணினி திணறும். மைக்கோடு கூடிய காதொலிப்பான் கட்டாயம். ஒலிபெருக்கியைத் திறந்துவைத்துப் பேசும் ஒரே ஒருவரால் கூட்டம் முழுவதும் எதிரொலியில் மூழ்கிவிடும்.

கேள்வி: நூலகவியல் முதுநிலை படிக்கிறேன். அவதாரை வைத்துக்கொண்டு தொழிலுக்குப் பயன்படும் எதையாவது உண்மையில் கற்க முடியுமா? பாடத்தைக் காணொளியில் கேட்டாலே போதாதா?
(மாணவி ஒருவர்)

பதில்: சொற்பொழிவைக் கேட்பது மட்டும் நோக்கமென்றால் காணொளியே போதும். மெய்நிகர் அரங்கில் அவதார்களை வரிசையாக உட்காரவைத்து, எதிரே திரையில் ஸ்லைடு ஓட்டி, ஒரு மணிநேரம் உரையாற்றுவது இரண்டு வகைச் சங்கடங்களையும் ஒருசேர அனுபவிக்கும் வழி. பலர் இதைத்தான் செய்தார்கள். செய்துவிட்டு மெய்நிகர் உலகம் பயனற்றது என்று முடிவுகட்டினார்கள்.

பயன் தருவது செய்து பழகும் பாடங்கள். தகவல் மேசையில் வாசகரிடம் கேள்வி கேட்டு அவருடைய உண்மையான தேவையை வெளிக்கொணரும் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நோயைப் பற்றி ஏதாவது புத்தகம் இருக்கிறதா’ என்று கேட்கும் வாசகருக்கு வேண்டியது நோயைப் பற்றிய பொதுநூலா, நேற்று கையில் கிடைத்த பரிசோதனை முடிவின் பொருளா என்பதைப் பக்குவமாகக் கேட்டறிய வேண்டும். வகுப்பறையில் பக்கத்து இருக்கைத் தோழியையே வாசகராக நடிக்க வைத்தால் இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும். முன்பின் தெரியாத ஓர் அவதார் மேசைக்கு நடந்து வந்து தயங்கி நிற்கும்போது அந்தச் சிரிப்பு வராது. அவர் தள்ளி நிற்கிறாரா, நெருங்கி வருகிறாரா, கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறாரா என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

கண்காட்சி அமைப்பதும் அப்படியே. பத்துப் பேர் சேர்ந்து ஒரு கூடத்தில் பலகைகளை நிறுத்தி, படங்களை மாட்டி, பார்வையாளர் எந்தப் பக்கமிருந்து நுழைவார், எந்த இடத்தில் தடுமாறுவார் என்று நடந்து நடந்து பார்த்துத் திருத்தலாம். சுவரைப் பெயர்த்து நகர்த்துவதற்கு ஒரு நொடி போதும். அலமாரிகளுக்கிடையே சக்கர நாற்காலி திரும்ப இடம் இருக்கிறதா என்று வரைபடத்தில் பார்ப்பதற்கும், உள்ளே போய்த் திருப்பிப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

நீங்கள் கலந்துகொள்ளக்கூடிய ஒரு மாநாட்டையும் சொல்கிறேன். மெய்நிகர் உலகங்களில் கல்வி கற்பிக்கும் முறைகளுக்கென 2007இல் தொடங்கி, பின்னர் விடபிள்யூபிபிஈ என்ற சுருக்கப்பெயரில் வளர்ந்த மாநாடு, முழுவதும் மெய்நிகர் உலகத்துக்குள்ளேயே நடப்பது. ஆசிரியர்களும் நூலகர்களும் அதில் கட்டுரை படிக்கிறார்கள். இத்தகைய கூட்டங்களில் ஒரு தந்திரம் உண்டு. ஒரு நிலத்துண்டில் ஆட்கள் பெருகப் பெருக அதை இயக்கும் சர்வர் மெதுவாகும். ஆகவே நான்கு நிலத்துண்டுகள் சந்திக்கும் மூலையில் மேடையை வைத்து, அவையோரை நான்கு துண்டுகளிலும் பிரித்து உட்கார வைப்பார்கள். பார்ப்பவருக்கு ஒரே அரங்கு, கணினிக்கு நான்கு.

கேள்வி: 2007 வாக்கில் எல்லோரும் இதைப் பற்றியே பேசினார்கள். பிறகு அந்தத் தீவுகள் மூடப்பட்டன. நூலகங்கள் செலவழித்த பணமும் உழைப்பும் கடலில் கரைத்த பெருங்காயம்தானே? மறுபடியும் இதை ஏன் கிளப்புகிறீர்கள்?
(ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தின் கோபத்தில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது.

நடந்தது இதுதான். ஒரு முழுத் தீவுக்கு மாத வாடகை 295 டாலராக இருந்தபோது, கல்வி நிறுவனங்களும் லாப நோக்கமற்ற அமைப்புகளும் அதில் பாதியைக் கட்டினால் போதும் என்ற சலுகை இருந்தது. 2010 அக்டோபரில் லிண்டன் லேப் அந்தச் சலுகையை நிறுத்தப்போவதாக அறிவித்து, 2011 ஜனவரியிலிருந்து நிறுத்தியது. ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தை முன்கூட்டியே முடிவுசெய்துவிடும் பல்கலைக்கழகங்களுக்கும் நூலகங்களுக்கும் இது பேரிடியாக அமைந்தது. பலர் வெளியேறினார்கள். 2013இல் சலுகை திரும்பி வந்தது. போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. டீன் செகண்ட் லைஃபும் 2011 தொடக்கத்தில் மூடப்பட்டது. அதே ஆண்டில் இல்லினாயின் வட்டார நூலகக் கூட்டமைப்புகள் பல ஒன்றாக இணைக்கப்பட்டபோது, இதையெல்லாம் தொடங்கிவைத்த அலையன்ஸ் லைப்ரரி சிஸ்டமும் தன் பெயரை இழந்தது.

இதில் நூலகர்களுக்கு மிகவும் வலித்திருக்க வேண்டிய இடம் வாடகை அல்ல. செகண்ட் லைஃபில் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று உரிமைகள் தனித்தனியாக உண்டு: படியெடுக்கலாமா, மாற்றலாமா, பிறருக்குக் கொடுக்கலாமா. கடையில் வாங்கிய நாற்காலிக்குப் பெரும்பாலும் மூன்றும் சேர்ந்து கிடைக்காது. நான்கு பேர் சேர்ந்து கட்டிய கட்டடத்தில் தூணுக்கு ஒருவர், கூரைக்கு ஒருவர் என்று உருவாக்கியவர் பெயர் பதிந்திருக்கும். கட்டியவர்களில் ஒருவர் உரிமை தராமல் காணாமல் போய்விட்டால் அந்தக் கட்டடத்தை முழுதாகப் பெயர்த்தெடுத்து வெளியே கொண்டுபோக முடியாது. ஆவணங்களைப் பாதுகாப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள், தாங்கள் கட்டிய நூலகத்துக்கு ஒரு படி எடுத்துவைக்க முடியாத நிலையில் நின்றார்கள். இதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரிவதில்லை.

அந்தப் பட்டறிவிலிருந்துதான் பலர் ஓபன்சிமுலேட்டருக்குப் போனார்கள். 2007இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. செகண்ட் லைஃப் போன்றே இருக்கும். ஆனால் உங்கள் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். ஒரு நிலத்துண்டு முழுவதையும், மேட்டுப்பள்ளம் முதல் மேசைமேல் வைத்த குறிப்பு வரை, ஓஏஆர் என்ற ஒரே கோப்பாகச் சேமித்து எடுத்து வேறொரு சர்வரில் விரித்துக்கொள்ளலாம். ஹைப்பர்கிரிட் என்ற ஏற்பாட்டின் மூலம் ஒருவருடைய சர்வரிலிருந்து இன்னொருவருடைய சர்வருக்கு அவதாரோடு பயணமும் போகலாம். கூட்டம் குறைவு, ஆரவாரம் குறைவு. நூலகர் மனத்துக்கு உகந்தது இதுவே என்பேன்.

மூடுவது செகண்ட் லைஃபைச் சுற்றிய கதை மட்டுமல்ல என்பதையும் நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் 2017இல் வாங்கிய ஆல்ட்ஸ்பேஸ் விஆர் என்ற மெய்நிகர் உலகம் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. உலாவியிலேயே திறக்கக்கூடியதாக மொஸில்லா 2018இல் கொண்டுவந்த ஹப்ஸ், 2024 மே மாதத்தோடு மொஸில்லாவின் கையை விட்டுப் போனது. நிரலைத் திறந்துவிட்டிருந்ததால் ஆர்வலர்கள் அதைத் தொடர்ந்து நடத்த முடிகிறது. எல்லோரும் போய்விடுவார்கள் என்று 2007இல் ஆரூடம் சொல்லப்பட்ட செகண்ட் லைஃப் இன்னும் இயங்குகிறது என்பது இதில் ஒரு வேடிக்கை.

சரி, மிஞ்சியது என்ன? இன்ஃபோ ஐலண்டில் சம்பளமில்லாமல் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த அந்த நூலகர்களில் ஒரு பகுதியினர் கலையவில்லை. கம்யூனிட்டி வர்ச்சுவல் லைப்ரரி என்ற பெயரில் தொடர்ந்தார்கள். ஒரே உலகத்தை நம்பியிராமல் பல மெய்நிகர் உலகங்களில் கால் பதித்துக் கண்காட்சியும் கலந்துரையாடலும் நடத்தினார்கள். அமெரிக்கக் கல்லூரி, ஆராய்ச்சி நூலகச் சங்கத்தில் மெய்நிகர் உலகங்களுக்கென ஆர்வலர் குழு அமைந்தது. தொடங்கிய கூட்டமைப்பு மறைந்தது, தீவுகள் மூழ்கின, ஆட்கள் இருக்கிறார்கள். கட்டடத்துக்குச் செலவழித்த பணம் பெருங்காயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆட்களுக்குச் செலவழித்த நேரத்தை அந்தக் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை.

கேள்வி: பொய்ப்பெயரோடும் பொய்யுருவத்தோடும் வரும் ஒருவரைத் தொழிற்கூட்டத்தில் எப்படி நம்புவது? என்ன உடையில் போவது?
(தனியார் நிறுவன நூலகர் ஒருவர்)

பதில்: பெயர்ச் சிக்கல் உண்மையானது. செகண்ட் லைஃபில் 2010 வரை, நிறுவனம் கொடுத்த பட்டியலிலிருந்துதான் இரண்டாம் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சொந்தப் பெயரில் வர விரும்பியவருக்கும் வழியில்லை. ஆகவே நூலகர்கள் தங்கள் அவதாரின் விவரக்குறிப்பில் உண்மைப் பெயரையும் பணியிடத்தையும் எழுதிவைக்கும் வழக்கம் உண்டாயிற்று. உங்கள் குழுவில் அதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பொதுமக்களும் வரும் இடத்தில் அந்த விவரத்தை யார் யார் படிப்பார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உருவத்தைப் பொறுத்தவரை, நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு நினைவில் வைக்கத்தக்கது. உயரமான அவதார் கொடுக்கப்பட்டவர்கள் பேரம் பேசும்போது குட்டையான அவதார் கொடுக்கப்பட்டவர்களைவிட விடாப்பிடியாக நடந்துகொண்டார்கள். நாம் பூணும் உருவம் பார்ப்பவரை மட்டுமல்ல, நம்மையும் மாற்றுகிறது. நிதி ஒதுக்கீடு பற்றிய கூட்டத்துக்கு ஏழடி அவதாரோடு வரும் சக ஊழியரைக் கண்டால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். மற்றபடி, நேர்க்கூட்டத்துக்கு என்ன உடுத்துவீர்களோ அதற்கு ஒப்பான உடை போதும். பூனை உருவத்தில் வந்து மிகத் தெளிவாகப் பேசிய பட்டியலாக்க வல்லுநர் ஒருவரையும் எனக்குத் தெரியும். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு பூனை கண்ணில் படவில்லை.

கேள்வி: எனக்குச் செவித்திறன் குறைவு. என் தோழிக்குப் பார்வை இல்லை. நாங்கள் இதில் பங்கேற்க முடியுமா?
(நூலக உதவியாளர் ஒருவர்)

பதில்: உங்களுக்கு இது காணொளிக் கூட்டத்தைவிட எளிதாகவே இருக்கலாம், கூட்டத்தை நடத்துபவர்கள் எழுத்தை ஒதுக்காமல் இருந்தால். பேசப்படுவதை உடனுக்குடன் தட்டச்சு செய்து தருபவர் ஒருவர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

உங்கள் தோழிக்கு முப்பரிமாணக் காட்சி எந்தப் பயனும் தராது. மெய்நிகர் உலகத்துக்குள் நுழைய உதவும் சாதாரண வியூவர் மென்பொருள்கள், திரையிலுள்ள எழுத்தைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானோடு ஒத்துப்போகவும் மாட்டா. ஆனால் ரேடகாஸ்ட் என்ற வியூவர், காட்சியை விட்டுவிட்டு எழுத்தை மையமாகக் கொண்டு இயங்குகிறது. அருகில் யார் இருக்கிறார்கள், என்ன பொருள்கள் இருக்கின்றன என்பதைப் பட்டியலாகத் தரும். திரைவாசிப்பானால் படிக்க முடியும். பழைய கணினி வைத்திருப்பவர்களும் அதைப் பயன்படுத்திப் பிழைத்துக்கொள்கிறார்கள் என்பது கூடுதல் செய்தி. உடற்குறையுள்ளவர்களுக்காக அவர்களே நடத்தும் விர்ச்சுவல் எபிலிட்டி என்ற அமைப்பு செகண்ட் லைஃபில் புதியவர்களுக்கு நடக்கவும் பேசவும் படிப்படியாகக் கற்றுத்தருகிறது. நான் முன்னே சொன்ன ஹெல்த்இன்ஃபோ ஐலண்டைப் பின்னர் பொறுப்பேற்று நடத்தியதும் அவர்களே. தொடக்கத்தை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் வெவ்வேறு நூலகங்களில் வேலை செய்யும் பன்னிரண்டு பேர். மாதம் ஒருமுறை மெய்நிகர் உலகில் கூட விரும்புகிறோம். எங்கே தொடங்குவது? விளையாடுகிறோம் என்று மேலதிகாரி சொன்னால் என்ன பதில் சொல்வது?
(நூலகர் குழு ஒன்று)

பதில்: எதையும் கட்டாதீர்கள். வாடகைக்கும் எடுக்காதீர்கள். முதல் மூன்று மாதம் ஏற்கெனவே இயங்கிவரும் ஒரு நூலகர் குழுவின் இடத்தில் விருந்தாளிகளாகக் கூடுங்கள். கேட்டால் பெரும்பாலும் இடம் தருவார்கள். செகண்ட் லைஃபில் கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை.

முதல் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரலே வேண்டாம். நடப்பது, உட்கார்வது, மைக்கைத் திறந்து மூடுவது, கேமராவை (அதாவது அந்த உலகத்துக்குள் நம் பார்வைக்கோணத்தை) திருப்பிப் பார்ப்பது, ஒருவருக்கு மட்டும் செய்தி அனுப்புவது ஆகிய ஐந்தையும் எல்லோரும் பழகினால் அன்றைக்குப் போதும். கேமராவைத் திருப்பக் கற்றுக்கொண்டவருக்குக் கடைசி வரிசை நாற்காலியும் முதல் வரிசைதான் என்பது அன்றே புரிந்துவிடும். முந்தி வந்தவர் பிந்தி வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். பன்னிரண்டு பேரில் இரண்டு மூன்று பேருக்குக் கணினி ஒத்துழைக்காது. அவர்கள் எழுத்தில் மட்டும் கலந்துகொள்ள மேலே சொன்ன ரேடகாஸ்டை நிறுவிக் கொடுங்கள். அவர்களை விட்டுவிட்டுத் தொடங்கினால் குழு அப்போதே உடைந்துவிடும்.

நேரத்தைக் குறிக்கும்போது கவனம் தேவை. செகண்ட் லைஃபின் கடிகாரம் அமெரிக்காவின் பசிபிக் கரை நேரத்தைக் காட்டும்; அங்கே கோடையில் ஒரு மணிநேரம் மாற்றுவார்கள். ‘மாலை ஏழு மணி’ என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டு, ஆளில்லாத அரங்கில் தனியே உட்கார்ந்திருந்த தலைவர்கள் பலர். கூடுமிடத்தில் பிறர் பொருள் வைக்கும் அனுமதியை மூடிவைத்து, ஒழுங்கில்லாமல் நடந்துகொள்பவரை வெளியேற்றும் அதிகாரத்தை உங்களில் இருவரிடமாவது கொடுக்கச் சொல்லி இடத்தின் உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவரிடம் மட்டும் இருந்தால், தேவைப்படும் அன்றைக்கு அவருடைய இணைப்புத்தான் அறுந்திருக்கும்.

கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னரே வாசலைத் திறந்துவைத்து, முடிந்த பிறகு அரைமணிநேரம் மூடாமல் வையுங்கள். இதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சுருக்க வேண்டாம். இந்த நாற்பது நிமிடத்துக்காகத்தான் காணொளியை விட்டு இவ்வளவு தொல்லைப்பட்டு இங்கே வருகிறோம்.

மேலதிகாரிக்கு விளக்கம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தில் பதிந்ததை வைத்து நடவடிக்கைக் குறிப்பை அன்றே தயாரித்து, யார் என்ன கேட்டார், யார் என்ன ஏற்றுக்கொண்டார், எந்த நாளுக்குள் என்ற விவரங்களோடு அவர் மேசைக்கு அனுப்பிவிடுங்கள். மூன்று மாதக் குறிப்புகளைப் படித்த பிறகும் விளையாட்டு என்று சொன்னால், நான்காம் மாதக் கூட்டத்துக்கு அவரையும் அழையுங்கள். உட்காரச் சொல்லும்போது மட்டும், நாற்காலி எது மேசை எது என்று முன்னதாகக் காட்டிவிடுங்கள்.